நான்காயிரத்துத் தொண்ணூற்றாறு

நன்றி சொல்லும் வியாதி என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது சோதனைக்காரிக்கு வந்திருந்தது. பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி. அலுவலகக் கதவைத் திறந்துவிடும் காவலாளிக்கு நன்றி. லிஃப்ட் சொன்ன மாடியில் நின்றுவிட்டால் அதற்கும் வாய்க்குள்ளேயே ஒரு நன்றி.

"லிஃப்டுக்குக் காது கேக்காதும்மா," என்று அவள் கணவர் கேலி செய்வார்.

"கேக்காட்டி என்ன, சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கே," என்பாள் அவள்.

வாய் இருந்ததே பெரிய விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக்குக் காய்ச்சல் ஏறி ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். கண்ணைத் திறந்த அன்று தண்ணீர் என்ற சொல் வாயில் வராமல், கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டித்தான் கேட்டாள். அப்புறம் சொல் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எண்கள் வந்தன. சமையலறை டப்பாக்களில் 'உப்பு', 'சர்க்கரை' என்று கணவர் ஒட்டிவைத்த சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உப்பில் ஒட்டியிருந்ததை மட்டும் அவள் எடுக்கவிடவில்லை. காய்ச்சலுக்கு முந்தைய ஒரு வருஷம் மட்டும் திரும்பவே இல்லை. அந்த வருஷத்துப் புகைப்படங்களில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், எதற்குச் சிரித்தாள் என்று மற்றவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் தொழில் கெர்னலைச் சோதிப்பது. கணினிக்குள் அடியிலிருந்து மற்ற நிரல்களையெல்லாம் கட்டி மேய்க்கிற நிரல்தான் கெர்னல். மெமரியில் யாருக்கு எந்த இடம், யார் எதைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்று அதுதான் பங்கு பிரிக்கும். அது ஒழுங்காகப் பிரிக்கிறதா என்று வம்புக்கிழுத்துப் பார்ப்பது சோதனைக்காரியின் வேலை. தொடக்கூடாத இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள். கெர்னல் கையில் அடித்தால் பச்சை விளக்கு, சும்மா விட்டால் சிவப்பு. வீட்டில் வளர்கிற எந்தப் பிள்ளையும் செய்கிற வேலைதான், இதற்குச் சம்பளம் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி இருக்கிறதே, அதற்குள் ஓடுகிற கெர்னல் அவள் அலுவலகத்தில் எழுதியது. கருவிக்காரர்கள் உள்ளே இருக்கும் மின்பலகையை மாற்றிப் புதிய போர்டுக்குப் போகப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது காய்ச்சலுக்குப் பிறகு வீட்டிலேயே இருந்தவளை மேலாளர் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். மேலாளர் குதிகால் செருப்பு டக்டக்கென்று கேட்க நடக்கிற அம்மாள். அறைக்குள் வருவதற்கு முன்பே செருப்புச் சத்தம் வந்துவிடும், அந்த அவகாசத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"மூணு மாசம் பாக்கலாம்மா," என்றார் மேலாளர். "மெமரி டெஸ்ட் நூத்திப்பன்னெண்டு இருக்கு. பழைய போர்டுல எல்லாம் பச்சை. புது போர்டுல இன்னிக்கு ஒண்ணு பச்சை, நாளைக்கு அதுவே சிவப்பு. தொடர்ந்து பத்து தடவை ஓட்டினா பத்தும் ஒரே மாதிரி வரணும். அப்படிக் கொண்டுவந்துட்டீங்கன்னா வேலை உங்களுது."

கொண்டுவரவில்லையென்றால் என்ன என்று மேலாளர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வேலை போவதுகூடப் பெரிதில்லை. கணவரின் ரொட்டிக்கடை ஓடுகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தன் தலை இனி இதற்கு லாயக்கா இல்லையா என்று தெரிந்துவிடும் இந்த மூன்று மாதத்தில். லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் இன்னொரு தடவை முயன்று பார்க்கிற தெம்பு தனக்கு இருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் வாரமே சிக்கலின் வேர் தெரிந்துவிட்டது. அதை அவள் கணவருக்கு விளக்கிய இடம் ரொட்டிக்கடையின் பின்கட்டு. மத்தியானம் அடுப்பு ஆறிக்கிடந்தது, அவர் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கெர்னல் மெமரியை ஒண்ணு ரெண்டுன்னு சில்லறையாக் கொடுக்காதுங்க. உங்க தட்டு மாதிரி. ஒரு பன் கேட்டாலும் முழுத் தட்டையும் எடுத்து நீட்டும். அந்தத் தட்டுக்குப் பேர்தான் பக்கம். பழைய போர்டுல ஒரு பக்கம் நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு பைட்டு. புதுசுல அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறு."

"பெரிய தட்டு."

"பதினாறு மடங்கு பெருசு. டெஸ்ட் எழுதின மகராசன் தட்டு எவ்வளவு பெருசுன்னு கெர்னலைக் கேட்டிருக்கலாம், ஒரே ஒரு வரி. கேக்காம அங்கங்க நாலாயிரத்துத் தொண்ணூத்தாறுன்னு கையால எழுதி வச்சிருக்கான்."

"நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு போனா அடுத்த தட்டுன்னு நினைச்சுட்டான். ஆனா இன்னும் அதே தட்டுலதான் நிக்கிறான்," என்றார் கணவர், தட்டைத் திருப்பிக்கொண்டே.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்து அவள் கண்டுபிடித்ததை மனிதர் கையில் சோப்புநுரையோடு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு நன்றி சொன்னாள்.

உலகத்துக்கெல்லாம் நன்றி சொன்ன அந்த வாய் ஒரே ஒரு ஆளை மட்டும் வாட்டி எடுத்தது. பதிவேட்டில் பார்த்தாள். எந்த வரியை யார் எழுதியது என்று கணினியே குறித்து வைத்திருக்கும். நூற்றுப்பன்னிரண்டு டெஸ்ட்டிலும் ஒரே பெயர். எதிர் மேஜைக்காரர்.

அவரை அலுவலகத்தில் மௌனசாமி என்பார்கள். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல இருப்பார். கெர்னலைப் புதிய போர்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். காலையில் தலையை ஒரு ஆட்டு, சாயங்காலம் ஒரு ஆட்டு, இடையில் விசைப்பலகைச் சத்தம். சோதனைக்காரி அவரிடம் போய் நின்றாள்.

"இந்த டெஸ்ட்டெல்லாம் நீங்க எழுதினதா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விசைப்பலகையைத் தள்ளிவைத்தார். "ஆமா," என்றார்.

"பக்கம் எவ்வளவு பெருசுன்னு கெர்னலைக் கேக்கிறதுக்கு என்னங்க? வாயில கொழுக்கட்டையா?"

"தப்புதான்," என்றார் அவர்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எதிர்த்துப் பேசாத ஆளைச் சீண்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அது அவளைப் பிடித்துக்கொண்டது. தினமும் ஒரு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு அகப்படும், தினமும் எதிர் மேஜைக்கு ஒரு அர்ச்சனை போகும். "இன்னிக்கு மூணு சிக்கிச்சு சாமி. உங்க கல்யாணத் தேதியா அது, இப்படி ஊரெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க?" அறையில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, "தப்புதான்," என்பார். கல்லுளிமங்கன் என்று அவள் முடிவு கட்டினாள்.

வேர் தெரிந்தாலும் ஒரு விஷயம் பிடிகொடுக்கவில்லை. அளவு தப்பென்றால் டெஸ்ட் எப்போதும் தோற்க வேண்டும். சிலது ஏன் சிலசமயம் தோற்று, சிலசமயம் ஜெயிக்கிறது?

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு டெஸ்ட் சிவப்பாக வந்தால் மறுபடி ஓட்டுவார்கள். மறுபடியும் சிவப்பென்றால் இன்னொரு தடவை. மூன்றில் ஒன்று பச்சையானால் பச்சை என்றே எழுதிவிடுவார்கள். இயந்திரத்துக்கும் தும்மல் வரும், அதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்பது கட்சி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, வேலை நகரவேண்டுமே என்று செய்தது.

சோதனைக்காரியால் அந்தப் பழக்கத்தைப் பழக முடியவில்லை. காரணம் கொள்கை ஒன்றுமில்லை. போன தடவை என்ன நிறம் வந்தது என்று அவளுக்கு நினைவு நிற்காது. அதனால் எல்லாவற்றையும் பென்சிலால் நோட்டில் கோடு போட்டு வைப்பாள், சிவப்புக்கு ஒரு கோடு, பச்சைக்கு ஒரு வட்டம். நல்ல நினைவு உள்ளவர்கள் 'இது அப்பப்ப தும்மும்' என்று மனதில் வைத்துக்கொண்ட முப்பத்தொன்றாம் டெஸ்ட்டை அவள் நாற்பத்தெட்டு தடவை ஓட்டி நாற்பத்தெட்டுக் குறி போட்டாள். மூன்று வட்டம். மறுநாள் இன்னும் முப்பத்திரண்டு. இரண்டு வட்டம்.

எண்பதுக்கு ஐந்து. நோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினாறுக்கு ஒன்று. பதினாறு.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள். முப்பத்தொன்றாம் டெஸ்ட் மெமரியில் குத்துமதிப்பாக ஓர் இடத்தைப் பிடித்துப் பூட்டச் சொல்லும். இடத்தைத் தேடும்போது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு, நாலாயிரத்துத் தொண்ணூற்றாறாகக் காலடி வைத்துப் போகும். ஆனால் பூட்டு பக்கத்தின் ஓரத்தில்தான் விழும். புதிய போர்டில் பதினாறு காலடிக்கு ஒரு தடவைதான் ஓரம் வரும். மற்றப் பதினைந்திலும் கெர்னல் முடியாது என்று சொல்லிவிடும். தும்மலும் இல்லை, இருமலும் இல்லை. அதிர்ஷ்டத்தில் பதினாறுக்கு ஒரு தடவை சரியான இடத்தில் கால் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழிவறைக்குப் போய் முகம் கழுவும் சாக்கில் கொஞ்சம் அழுதாள். சந்தோஷத்தில்தான். தலை வேலை செய்கிறது! பழைய தலை இல்லை, பென்சில் வைத்துக்கொண்டு நடக்கிற தலை. ஆனாலும் போய்ச் சேருகிறது. கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் வேலை வேகம் பிடித்தது, வேகத்திலேயே ஒரு சறுக்கலும் வந்தது. எல்லா நாலாயிரத்துத் தொண்ணூற்றாறையும் ஒரே மூச்சில் தேடி, 'கெர்னலைக் கேள்' என்று மாற்றிவிட்டாள் ஒரு நாள். அன்று மத்தியானமே, அதுவரை வம்புதும்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஐம்பத்திரண்டாம் டெஸ்ட் படுத்துவிட்டது. பார்த்தால் அதில் இருந்த நாலாயிரத்துத் தொண்ணூற்றாறுக்கும் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கோப்பின் பாதைப் பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதன் எல்லை அது. இரண்டும் தற்செயலாக ஒரே எண். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்ணைப் பார்த்து மாற்றக்கூடாது, எழுதினவர் என்ன நினைத்து எழுதினார் என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொன்றாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இப்படிப் பதினோராவது வாரம் வந்தது. நூற்றுப்பன்னிரண்டில் நூற்றுப்பதினொன்று ஒழுங்குக்கு வந்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கருவிக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் கண்முன்னால் பத்து ஓட்டம். வியாழக்கிழமை காலையில் அவள் கடைசியாக மிச்சமிருந்த எண்பத்தெட்டாம் டெஸ்ட்டைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு இருந்தது. மாற்றினாள். ஓட்டினாள்.

சிவப்பு. மறுபடி ஓட்டினாள். சிவப்பு. பத்துக்குப் பத்து சிவப்பு.

எண்பத்தெட்டு பழைய போர்டிலும் பச்சை, புதிய போர்டிலும் இத்தனை நாள் பச்சை. அவள் கை பட்டதும் படுத்துவிட்டது. கெர்னல் புதிதாக மெமரி கொடுக்கும்போது அதில் முன்னால் இருந்தவன் எழுதியது எதுவும் இருக்கக்கூடாது, எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். டெஸ்ட் அதைப் பார்க்கிறது. எது வரைக்கும் பார்க்க வேண்டும்? முதல் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் போதும் என்று நினைத்து எழுதியதா, பக்கம் முழுவதும் என்று நினைத்து எழுதியதா? ஐம்பத்திரண்டில் சறுக்கியது போல இங்கேயும் சறுக்குகிறாளா? பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிட்டால் நாளைக்கு நூற்றுப்பன்னிரண்டும் பச்சை, வேலையும் அவளுடையது. விரல் அந்த வரிமேல் போய் நின்றது. எழுதினவரைக் கேட்டுவிடலாம் என்று எழுந்து எதிர் மேஜைக்குப் போனாள்.

"சாமி, எண்பத்தெட்டு. எதை நினைச்சு எழுதினீங்க? முதல் துண்டு மட்டுமா, முழுப் பக்கமா?"

மௌனசாமியின் காது சிவந்தது. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "மறந்துபோச்சு," என்றார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பிழையின் எண்ணைத் தேதியோடு சொல்கிற ஆள் அவர். மறந்துபோகிற உரிமை அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. காதில் பூச்சுற்றுகிறார் என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை.

திரும்பி வந்து பதிவேட்டை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை பெயரைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டு டெஸ்ட்டுக்கும் ஒரே தேதி. ஒரு மனிதன் ஒரே நாளில் நூற்றுப்பன்னிரண்டு டெஸ்ட் எழுத முடியாது, மௌனசாமியே ஆனாலும். இவை எங்கிருந்தோ மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டவை. தேதியை இன்னொரு தடவை பார்த்தாள். அந்தத் தேதி அவளுக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணைத் திறந்த வாரம்.

மூலை அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய கணினி இருந்தது, 'அணைக்காதீர்கள்' என்று சீட்டு ஒட்டி. அதன் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஏன் என்று அவள் கேட்டதில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து, திரையை இணைத்து, பழைய பதிவேட்டைத் திறந்து எண்பத்தெட்டைத் தேடினாள். எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர் இருந்தது.

முப்பத்தொன்றைப் பார்த்தாள். அவள் பெயர். நாற்பது, நாற்பத்தாறு, எழுபது. பாதிக்குமேல் அவள் பெயர். காணாமல் போன அந்த வருஷம் முழுவதும் அவள் உட்கார்ந்து இவற்றைத்தான் எழுதியிருக்கிறாள். எண்பத்தெட்டுதான் கடைசி. அதன் கீழே, ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதவேண்டிய குறிப்பில், நாலு வரி:

'புதிதாகக் கொடுக்கும் பக்கம் முழுவதும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு மூலைகூட விடக்கூடாது. முந்தைய நோயாளியின் கணக்கு அடுத்தவர் கருவியில் தெரிந்துவிடக்கூடாது. நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று எண்ணைக் கையால் எழுதியிருக்கிறேன், இங்கும் மற்ற இடங்களிலும். தப்பு. கெர்னலைக் கேட்க வேண்டும். நாளைக்கு மாற்றுகிறேன்.'

தேதி, காய்ச்சல் ஏறிய நாளுக்கு முந்தின நாள்.

தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வாரமாக எதிர் மேஜையில் போட்ட அர்ச்சனை எல்லாம் காதுக்குள் திரும்பக் கேட்டது. வாயில் கொழுக்கட்டையா என்றாளே, கல்யாணத் தேதியா என்றாளே! வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் அதற்குக் கீழே வேறு ஒன்றும் இருந்தது. முழுவதும் என்று எழுதியிருக்கிறாள். மூலைகூட என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பழைய தலை தெளிவாகத்தான் இருந்திருக்கிறது, இந்தப் புதிய தலை அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் டெஸ்ட் சரி. சிவப்பு உண்மை.

மேலாளர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை அவள் செருப்புதான் டக்டக்கென்றது.

"மேடம், எண்பத்தெட்டு சிவப்பு. அதைப் பச்சையாக்கப் போறதில்ல. டெஸ்ட் சரி, கெர்னல்லதான் தப்பு. கெர்னல் புதுப் பக்கத்தைச் சரியாத் துடைக்காமக் கொடுக்குது."

"நாளைக்கு அவங்க வராங்கம்மா."

"தெரியும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவள் நோட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறாள். "நிச்சயமாத் தெரியும்," என்றாள்.

மேலாளர் எழுந்து வந்து மௌனசாமியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "துடைக்கிற இடத்தைத் திறங்க," என்றார். மௌனசாமி திறந்தார். புதிய போர்டுக்காக அவர் எழுதிய பகுதி. பக்கத்தைக் கொடுப்பதற்கு முன் துடைக்கிற பத்து வரி. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நாலாவது வரியில், கையால் எழுதி, அசையாமல் உட்கார்ந்திருந்தது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.

பெரிய தட்டில் ஒரு மூலையை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சப் பதினைந்து பங்கையும் அழுக்கோடு நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது கெர்னல். டெஸ்ட்டும் அதே மூலையை மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இப்படியே கருவிக்குள் போயிருந்தால், ஒருவருக்கு ஏற்றிய மருந்தின் அளவு இன்னொருவர் திரையில் வந்து நின்றிருக்கும்.

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "நல்ல வேளை," என்றார். சத்தமே வரவில்லை. "நல்ல வேளைம்மா. ரொம்ப நன்றி." கருவிக்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதாகச் சொல்லி, தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மௌனசாமி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு நிஜமாவே என்னோடது," என்றார்.

"நிஜமாவேன்னா?" என்றாள் சோதனைக்காரி. "அப்போ மத்ததெல்லாம்?"

அவர் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. அவள் மூலை அலமாரியைக் காட்டினாள். திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க சொல்லல?" அவள் குரல் உடைந்தது. "பதினோரு வாரம் உங்களை ஒரு வழி பண்ணியிருக்கேன். எல்லார் முன்னாடியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னைத் திட்டியிருக்க மாட்டீங்க. உங்களைத் திட்டியிருப்பீங்க."

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால், தான் எழுதியதே தனக்கு நினைவில்லை, அதிலும் தப்பு என்று பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ பழைய பெட்டியிலேர்ந்து எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தினோம்," என்றார் மௌனசாமி. ஒரு வருஷத்துக்கான பேச்சை அன்றே பேசித் தீர்ப்பதென்று முடிவு செய்தவர் போலிருந்தது. "மாத்தினது நான், அதனால என் பேர் விழுந்துடுச்சு. அப்பவே உங்க குறிப்பைப் படிச்சேன்."

"படிச்சீங்கன்னா நீங்களே மாத்தியிருக்கலாமே. ரெண்டு வருஷம் இருந்துச்சே."

"பழைய போர்டுக்கு அவசரம் இல்ல. புது போர்டு வந்தப்போ மேடம் என்னைத்தான் செய்யச் சொன்னாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு ஆள் இருக்கு மேடம், நாளைக்கு மாத்துறேன்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்கன்னு சொன்னேன். அவங்க உங்களைக் கூப்பிட்டாங்க. பழைய பெட்டியை அணைச்சா யாராவது தூக்கிப் போட்டுடுவாங்க, உங்க குறிப்பும் போயிடும். அதான் சீட்டு ஒட்டினேன்."

ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் லிஃப்டுக்கும் தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்த அந்த வார்த்தை, சொல்லவேண்டிய இடத்தில் வரவில்லை. தண்ணீர் என்ற சொல் வராமல் போன அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. அவள் கைகூப்பினாள். அவர் பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் வேணாம்," என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் பதினோரு வாரத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து சிரித்தார்கள்.

கெர்னலில் அவருடைய வரியை அவர் சரிசெய்தார். அன்று சாயங்காலம் எண்பத்தெட்டு பச்சையானது. மறுநாள் கருவிக்காரர்கள் கண்முன்னால் நூற்றுப்பன்னிரண்டும் பத்து தடவை ஓடின. மூன்றில் ஒன்று பச்சையானால் போதும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பத்தும் ஒரே மாதிரி வந்தன. மறைக்காமல் முன்கூட்டியே சொன்னதற்கு வந்தவர்களில் பெரியவர் மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களை வழியனுப்பிவிட்டு மேலாளர் டக்டக்கென்று நேராகச் சோதனைக்காரியின் மேஜைக்கு வந்தார்.

"மூணு மாசம் பாக்கலாம்னு சொன்னேன்ல. பாத்தாச்சு. திங்கக்கிழமை எப்பவும்போல வந்துடுங்க."

எப்பவும்போல. அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று பத்திரப்படுத்திக்கொண்டாள். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை, மறக்காது என்று தோன்றியது.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. பதினோரு வாரத்து மாற்றங்களை மொத்தமாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சரிபார்ப்பவர் என்ற இடத்தில் மௌனசாமியின் பெயரைப் போட்டாள். என்ன மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று குறிப்பு எழுதும் கட்டம் திறந்தது. பக்கத்தின் அளவு, போர்டுகளின் வித்தியாசம், ஐம்பத்திரண்டில் கை வைக்காத காரணம் என்று நீளமாக எழுத நினைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியும் முடித்தாள். எழுதியதன் தலைப்பில் ஒரு வரி வேண்டும். எதிர் மேஜையைப் பார்த்தாள். அவர் சாயங்காலத் தலையாட்டலுக்காகக் காத்திருப்பவர் போலத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்: 'நேற்று சொன்னபடி மாற்றிவிட்டேன்.'